கடைசி மனிதன் மரத்தை வெட்டலாமா?

கேள்வி: மனிதனும் இயற்கையின் ஒரு பகுதிதான் என்கிறார்கள். அப்படியானால் கறையான் புற்று எழுப்புவதற்கும் நாம் அணை கட்டுவதற்கும் என்ன வேறுபாடு? நம்மை மட்டும் ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும்?

பதில்: பகுதிதான், அதில் ஐயமில்லை. ஆனால் மனிதன் செய்வதெல்லாம் இயற்கையே என்று ஒப்புக்கொண்டுவிட்டால், கொலையும் கொள்ளையும்கூட இயற்கைதான் என்று சொல்லி எவரும் நழுவிவிடலாம். கறையானிடம் "ஏன் இங்கே கட்டினாய்?" என்று கேட்க முடியாது. நம்மிடம் கேட்கலாம், நாமும் காரணம் சொல்லத் தெரிந்தவர்கள். கூண்டில் ஏற இந்த ஒரு தகுதி போதும்.

கேள்வி: இயற்கைக்குத் தன்னளவிலேயே மதிப்பு உண்டு என்பது கவிஞர்கள் பேச்சாகவே எனக்குத் தோன்றுகிறது. மதிப்பிட ஆள் இல்லாத இடத்தில் மதிப்பு எங்கிருந்து வரும்?

பதில்: உங்கள் ஐயம் பழையது, வலுவானதும்கூட. 1973-இல் பல்கேரியாவின் வர்னா நகரில் நடந்த உலகத் தத்துவ மாநாட்டில், ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய ரிச்சர்ட் ரௌட்லி என்ற தத்துவ அறிஞர் ஒரு கற்பனையை முன்வைத்தார். ஏதோ ஒரு பேரழிவில் மனித குலம் முழுவதும் மாண்டுபோய், ஒரே ஒருவன் எஞ்சியிருக்கிறான். சாவதற்கு முன் மரம், செடி, விலங்கு என்று தன்னால் இயன்ற அனைத்தையும், உயிர்களுக்கு வலி தெரியாத வகையில், அழித்துவிட்டுப் போக அவன் முனைகிறான். அவனுக்குப் பிறகு அவற்றைப் பயன்படுத்தவோ பார்த்து மகிழவோ மனிதர் எவருமில்லை. அவன் செய்வது தவறா?

தவறு என்றே பலரும் உடனே சொல்வார்கள். ஆனால் ஏன் தவறு என்று கேட்டால், கைவசம் உள்ள காரணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொள்கின்றன. விலங்குகளை வதைப்பவன் நாளடைவில் மனிதர்களிடமும் கல்நெஞ்சனாகிவிடுவான், ஆகவே வதைக்கலாகாது என்றார் ஜெர்மன் தத்துவ அறிஞர் காண்ட். இவன் கல்நெஞ்சனாக நடந்துகொள்வதற்கு எதிரே மனிதர்களே இல்லை. இன்ப துன்பங்களைக் கூட்டிக் கழித்து முடிவு செய்பவர்கள் விலங்குகளுக்காகவேனும் ஏதாவது சொல்ல முடியும். வலியை உணராத மரத்துக்காகப் பேச அவர்களிடம் ஒன்றுமில்லை.

இதைக் கொண்டு, இயற்கைக்குத் தன்னளவிலேயே மதிப்பு உண்டு என்பது நிறுவப்பட்டுவிட்டதென்று நான் வாதிடவில்லை. அந்தக் கடைசி மனிதனுக்கு எதிராகத் தீர்ப்பளிப்பவர்கள் இன்று உயிரோடிருக்கும் நாம்தானே என்று நீங்கள் திருப்பிக் கேட்கலாம். அது நியாயமான கேள்வியே. ஆனால் மதிப்பில்லை என்பதும் இதுவரை நிறுவப்படவில்லை. இரண்டும் நிறுவப்படாத நிலையில், மெய்ப்பிக்கும் சுமை யார் தலையில் விழ வேண்டும் என்பதையே முதலில் முடிவு செய்ய வேண்டும் என்று கருதுகிறேன். இப்போது காட்டைக் காக்க வருபவர்தான் இதில் மூலிகை உண்டு, நீர்ப்பிடிப்பு உண்டு, சுற்றுலா வருமானம் உண்டு என்று கணக்குக் காட்டிக்கொண்டிருக்கிறார். வெட்ட வருபவர்தான் கணக்குக் காட்ட வேண்டும் என்பது என் நிலைப்பாடு. வெட்டுவதை இன்று தள்ளிப்போட்டால் நாளைக்கும் வெட்டலாம்; வெட்டிய பிறகு அந்தக் காட்டை அதே காடாக மீட்க வழியில்லை. 1992-ஆம் ஆண்டு ஐ.நா. சுற்றுச்சூழல் மாநாட்டில் நாடுகள் ஏற்ற ரியோ பிரகடனத்தில் 15-ஆவது கோட்பாடு இதற்கு அருகே வருகிறது: கடுமையான அல்லது மீட்க முடியாத சேதம் நேரும் என்ற அச்சம் இருக்கும்போது, அறிவியல் முழு உறுதி அளிக்கவில்லை என்பதைத் தடுப்பு நடவடிக்கையைத் தள்ளிப்போடுவதற்கான சாக்காகக் கொள்ளக் கூடாது என்கிறது அது.

கேள்வி: விலங்குகளைக் கொல்லக் கூடாது என்பவர்களும் சூழலைக் காக்க வேண்டும் என்பவர்களும் ஒரே கட்சிதானே?

பதில்: வெளியிலிருந்து பார்த்தால் அப்படித்தான் தெரியும். தென்பெருங்கடலில் ஆஸ்திரேலியாவுக்குச் சொந்தமான மக்குவாரித் தீவின் கதையைக் கேட்டால் உங்களுக்கு ஐயம் வரும். 19-ஆம் நூற்றாண்டில் சீல் வேட்டைக்குப் போனவர்களின் கப்பல்களோடு பூனைகளும் எலிகளும் வந்து சேர்ந்தன. உணவுக்காக முயல்களையும் அவர்களே கொண்டுபோய் விட்டார்கள். முயல்கள் பெருகிச் சரிவுகளின் புல்லை மேய்ந்து தீர்த்தன. 1978-இல் முயல்களைக் கொல்லும் வைரஸ் ஒன்று பரப்பப்பட்டது. முயல் குறைந்ததும் பூனைகள் கடற்பறவைகளின் மீது பாய்ந்தன. 2000-ஆம் ஆண்டுக்குள் பூனைகள் ஒழிக்கப்பட்டன. பூனையும் இல்லாமல் வைரஸின் வீரியமும் குறைந்துபோன நிலையில் முயல்கள் மறுபடி பெருகி, சரிவுகள் மொட்டையாகி, மண் சரியத் தொடங்கியது. கடைசியில் ஹெலிகாப்டரிலிருந்து விஷத் தீனி தூவி, பழக்கிய நாய்களைக் கொண்டு மிச்சத்தையும் தேடிப் பிடித்து, முயல், எலி, சுண்டெலி மூன்றும் இல்லாத தீவென்று 2014-இல் அறிவித்தார்கள். அந்த விஷத்துக்கு உள்ளூர்ப் பறவைகள் பலவும் பலியாயின.

துன்புறும் திறனே அறக்கணக்கில் இடம் தரும் தகுதி என்ற தத்துவ அறிஞர் பீட்டர் சிங்கரின் வழியில் போனால், முயலின் வேதனையும் ஆல்பட்ராஸ் என்ற கடற்பறவையின் வேதனையும் ஒரே எடைதான். உயிர்ச்சமூகத்தின் முழுமையையும் நிலைத்தன்மையையும் அழகையும் காப்பதே சரியான செயல் என்று கருதிய அமெரிக்கச் சூழலியலாளர் ஆல்டோ லியோபோல்டின் வழியில் போனால், முயல்களை ஒழிப்பது கடமையாகிவிடும். முழுமைக்காகத் தனியுயிரைப் பலியிடும் இந்த இரண்டாவது வழியைச் 'சூழல் பாசிசம்' என்றே 1983-இல் விலங்குரிமைத் தத்துவ அறிஞர் டாம் ரீகன் கண்டித்தார். அதே அளவுகோலை மனிதர்கள் மீதும் வைத்தால் என்ன ஆகும் என்பதை எண்ணிப் பார்த்தால் அந்தக் கடுஞ்சொல் புரியும். தீவில் செய்தது சரியென்றே நான் நினைக்கிறேன், ஆனால் முயலின் உயிர் கணக்கில் வராதது என்பதால் அல்ல. கொண்டுவந்து விட்டவர்கள் மனிதர்கள். சாகும் முயலுக்கும் விளக்கம் சொல்லக் கடன்பட்டவர்கள் அவர்களே. விஷமல்லாத வழி இருந்தால் அதைத்தான் தேர்ந்திருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் அந்தக் கடனுக்குள் அடங்கும்.

கேள்வி: ஆற்றைச் சட்டப்படி 'நபர்' என்று அறிவிப்பது வெறும் சடங்குதானே?

பதில்: யார் அதன் சார்பில் பேசுவார், யார் பொறுப்பேற்பார் என்பதைச் சொல்லாவிட்டால் சடங்குதான். நியூசிலாந்து 2017-இல் வாங்கனுயி ஆற்றுக்காகச் சட்டம் இயற்றியபோது, ஆற்றின் முகமாக அரசு தரப்பில் ஒருவரும் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் தரப்பில் ஒருவருமாக இருவர் செயல்பட வேண்டும் என்று வகுத்தது. அதே ஆண்டு மார்ச்சில் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் கங்கையையும் யமுனையையும் சட்டப்படியான நபர்கள் என்றது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. பல மாநிலங்களின் வழியே ஓடும் ஆற்றுக்கு ஒரு மாநில அதிகாரிகள் எப்படிக் காப்பாளராவது, வெள்ளத்தில் ஒருவர் இறந்தால் ஆற்றின் மீது வழக்குத் தொடரலாமா என்றெல்லாம் மாநில அரசே கேட்டது. கேலியாகத் தோன்றினாலும் அவை சரியான கேள்விகள். உரிமை என்பது ஒருவர் மீது கடமையாக விழும்போதுதான் உயிர்பெறுகிறது.

கேள்வி: நான் ஒருவன் நுகர்வைக் குறைத்துக்கொள்வதால் என்ன ஆகிவிடும்? யானைப் பசிக்குச் சோளப்பொரி!

பதில்: உங்கள் ஒருவரின் குறைப்பால் கடல்மட்டம் மாறப்போவதில்லை, உண்மைதான். தனிமனிதரின் 'கார்பன் தடம்', அதாவது ஒருவரின் வாழ்க்கைமுறையால் வெளியாகும் கரியமில வாயுவின் கணக்கு, என்ற பேச்சைப் பரப்பியதில் 2000-களில் பிபி எண்ணெய் நிறுவனத்தின் விளம்பரங்களுக்குப் பெரும் பங்குண்டு என்பதையும் மறக்க வேண்டாம். எண்ணெய் விற்பவர் வாங்குபவரைக் கணக்குப் பார்க்கச் சொல்வதில் ஒரு சாமர்த்தியம் இருக்கிறது.

ஆயினும் ஓசோன் விஷயத்தில் நடந்ததைப் பாருங்கள். ஸ்பிரே டப்பாக்களிலிருந்து வெளியேறும் குளோரோஃபுளோரோகார்பன்கள் சூரியனின் புற ஊதாக் கதிர்களைத் தடுக்கும் ஓசோன் படலத்தை அரிக்கும் என்று 1974-இல் வேதியியலாளர்கள் மொலினாவும் ரோலண்டும் எச்சரித்தார்கள். சட்டம் எதுவும் வருமுன்னரே அமெரிக்காவில் பலர் அவற்றை வாங்குவதைக் குறைத்தார்கள். விற்பனை சரிந்த பிறகு, மாற்றுப் பொருளே இல்லை என்ற உற்பத்தியாளர் வாதம் வலுவிழந்தது. 1978-இல் அங்கே பெரும்பாலான ஸ்பிரேக்களில் அவை தடை செய்யப்பட்டன. 1987-இல், ஓசோனை அரிக்கும் பொருள்களைக் கட்டுப்படுத்தும் மான்ட்ரியல் உடன்படிக்கை வந்தது. வாங்க மறுத்தவர்கள் தாங்களே ஓசோனைக் காப்பாற்றிவிடவில்லை, ஆனால் சட்டம் போடத் தயங்கியவர்களின் சாக்கை அவர்கள் பறித்தார்கள். நீங்கள் குறைத்துக்கொள்வதை எவருக்கும் சொல்லாமல் வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொண்டால் அது சோளப்பொரிதான். சட்டமன்ற உறுப்பினரிடம் கோரிக்கை வைக்கும்போது அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.