பட்டாளத்தில் தன்பாலீர்ப்பாளர்கள்: கேட்டவையும் பதில்களும்

ராணுவச் சட்டங்களைப் படிப்பதும் அவற்றைப் பற்றி எழுதுவதும் என் வேலை. போர்க்களம் கண்டவன் இல்லை. கண்டவர்களின் வழக்குக் கட்டுகளை நிறையப் புரட்டியவன். வந்த கேள்விகளில் வெறும் வசவாக இருந்ததைக் கழித்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். தன்பாலீர்ப்பு உள்ளவர்களை ராணுவத்தில் சேர்க்கலாமா, கூடாதா?

சேர்க்கலாம். ஏற்கெனவே அவர்கள் உள்ளேதான் இருக்கிறார்கள். தடை இருந்த காலத்திலும் இருந்தார்கள். ஆகவே ஓர் அரசு முடிவு செய்ய வேண்டியது, இருப்பவர்களைத் தேடிப் பிடித்துத் துரத்துவதா வேண்டாமா என்பதைத்தான். துரத்த வேண்டுமென்றால் விசாரணை வேண்டும், துப்புக் கொடுக்க ஆள் வேண்டும், போனவரின் இடத்தில் புதியவரை எடுத்துப் பயிற்சி கொடுக்கப் பணம் வேண்டும். கணக்குப் பார்த்த நாடுகள் ஒவ்வொன்றாகக் கைவிட்டன. நெதர்லாந்து 1974-இலேயே விட்டது. கனடாவும் ஆஸ்திரேலியாவும் 1992-இல், இஸ்ரேல் 1993-இல், பிரிட்டன் 2000-இல், அமெரிக்கா 2011-இல். இதனால் இவற்றில் எந்தப் படையும் நொறுங்கிப் போகவில்லை.

கேள்வி (ஓய்வு பெற்ற சுபேதார்): ஒரே பாரக்கில் முப்பது பேர் படுத்து எழுந்தவன் நான். பக்கத்தில் இருப்பவன் மேல் முழு நம்பிக்கை இல்லாவிட்டால் சண்டையில் சாவுதான். இதை உள்ளே விட்டால் ஒற்றுமை குலையாதா? புத்தகம் படித்துவிட்டு எழுதாதீர்கள்.

ஐயா, எதிர்த்தரப்பு வாதங்களில் நான் பெரிதாக மதிப்பது இது ஒன்றைத்தான். அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஒற்றுமை என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. ஒருவரை ஒருவர் பிடித்துப்போய்ப் பழகுவது ஒன்று. எல்லோரும் ஒரே காரியத்தை முடிக்க உறுதியாக நிற்பது இன்னொன்று. உங்கள் யூனிட்டிலும் பேச்சுவார்த்தையே இல்லாத இரண்டு பேர் இருந்திருப்பார்கள். சண்டை என்று வந்தால் ஒருவனை ஒருவன் விட்டுக்கொடுத்திருக்க மாட்டார்கள். அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் கேட்டுக்கொண்டதன் பேரில் ராண்ட் நிறுவனம் 1993-இல் செய்த ஆய்வு இதைத்தான் பிரித்துக் காட்டியது. படையின் திறமை இரண்டாவது வகை உறுதியைத்தான் சார்ந்திருக்கிறது, பாலீர்ப்பு அதில் பொருட்படுத்தத் தக்கதல்ல என்பது அதன் முடிவு.

புத்தகம் வேண்டாம் என்றீர்கள். சரி, சிப்பாய்களையே கேட்ட கணக்கைத் தருகிறேன். 2010-இல் பென்டகன், அதாவது அமெரிக்கப் பாதுகாப்புத் துறை, தன் படையினர் நான்கு லட்சம் பேருக்குக் கேள்வித்தாள் அனுப்பியது. ஒரு லட்சத்துப் பதினைந்தாயிரம் பேர் பதில் அனுப்பினார்கள். தடையை எடுத்தால் என்ன ஆகும் என்று ஊகிக்கச் சொன்னபோது, நேரடிச் சண்டைப் பிரிவுகளில், அதிலும் கடல்வழி போய்க் கரையில் சண்டையிடும் மரைன் படையினரிடம், பயம் அதிகமாக இருந்தது. ஆனால் கூட வேலை செய்த ஒருவர் தன்பாலீர்ப்பாளர் என்று ஏற்கெனவே அறிந்திருந்தவர்களிடம் 'உங்கள் யூனிட் சேர்ந்து வேலை செய்தது எப்படி இருந்தது' என்று கேட்டபோது, 92 சதவீதம் பேர் நன்றாக இருந்தது, அல்லது குறை ஒன்றும் இல்லை என்றார்கள். மரைன் சண்டைப் பிரிவுகளில்கூட 84 சதவீதம். பயந்தவர்களில் பெரும்பாலோர் ஊகித்துப் பயந்தவர்கள்.

அன்றைய மரைன் தளபதி ஜேம்ஸ் ஏமோஸ், தடையை எடுத்தால் கவனம் சிதறி உயிர்கள் போகும் என்று வெளிப்படையாக எதிர்த்தவர். தடை போன சில வாரங்களில் அவரே எல்லாம் நல்லபடியாக நடக்கிறது என்று பேட்டி கொடுத்தார். எதிர்த்தவர் வாயிலிருந்து வந்த சாட்சி என்பதால் இதைத் தனியாகச் சொல்கிறேன்.

கேள்வி: குளியலறை, கூட்டமாகத் தங்கும் இடம்? அந்தச் சங்கடம் நிஜம்தானே?

சங்கடம் நிஜம்தான். ஆனால் தடை இருந்தபோதும் அதே ஆள் அதே குழாயடியில்தான் குளித்தார், உங்களுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தவறாக நடந்தால் தண்டிக்க எல்லாப் படையிலும் விதி இருக்கிறது. யார் மீதும் பாயும்.

கேள்வி: மேலதிகாரிக்கும் கீழே இருப்பவனுக்கும் தொடர்பு ஏற்பட்டால் கட்டளை என்ன ஆகும்?

பெண்கள் படையில் சேர்ந்த நாளிலிருந்து இருக்கிற கேள்வி இது. விடையும் அப்போதே கிடைத்துவிட்டது. பிரிட்டன் 2000-இல் தடையை எடுத்தபோது ஆண், பெண், யாராக இருந்தாலும் பொருந்தும்படி ஒரே ஒரு நடத்தை விதியைக் கொண்டுவந்தது. ஒருவரின் செயல் படையின் செயல்திறனைக் கெடுத்ததா, கெடுக்கக்கூடுமா? அதை மட்டும்தான் அதிகாரி பார்க்க வேண்டும். தனக்குக் கீழே இருப்பவரோடு உறவு வைத்துக்கொண்டால் மாட்டுவார், அது ஆணோடா பெண்ணோடா என்பது விசாரணையில் வராது. எனக்குத் தெரிந்து இந்த விஷயத்தில் எழுதப்பட்ட உருப்படியான விதி இதுதான்.

கேள்வி: யாரும் கேட்கவும் வேண்டாம், அவர்களும் சொல்லவும் வேண்டாம். வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்த்தால் யாருக்கு என்ன நஷ்டம்? படுக்கையறை விஷயம் ஊருக்கு எதற்கு?

அமெரிக்கா இதையே சட்டமாக்கி 17 வருடத்துக்கும் மேலாக நடத்திப் பார்த்தது. 1993 நவம்பரில் அதிபர் கிளின்டன் கையெழுத்திட்டார். 2011 செப்டம்பர் 20 அன்று முடிந்தது. இடையில் 13,000-க்கும் மேற்பட்டவர்கள் வேலை இழந்தார்கள். 'யாரும் கேட்க மாட்டோம்' என்ற சட்டத்தின் கீழ்!

எப்படி என்றால், பட்டாளத்தில் வாயை மூடிக்கொண்டு வாழ முடியாது. விடுமுறை முடிந்து திரும்பினால் முதலில் வரும் கேள்வியே வீட்டில் எல்லோரும் சௌக்கியமா, யாரோடு எங்கே போனாய் என்பதுதான். கட்டில் பக்கத்தில் ஒரு போட்டோ ஒட்டக் கூடாது. வீட்டுக்கு போன் பேசும்போது பக்கத்தில் ஆள் இருந்தால் 'அவன்' என்பதை 'அவள்' என்று மாற்றிப் பேச வேண்டும். அடிபட்டாலோ செத்தாலோ யாருக்குத் தகவல் என்று ஒரு படிவம் உண்டு. அதில் கூட வாழ்பவரின் பெயரை எழுத முடியாது. மற்றவர்கள் இதையெல்லாம் யோசிக்காமல் நாள் முழுக்கச் செய்கிறார்கள். அதை யாரும் படுக்கையறை விஷயம் என்று சொல்வதில்லை.

நஷ்டம் யாருக்கு என்றும் கேட்டீர்கள். அமெரிக்க அரசுத் தணிக்கை அலுவலகம் 2005-இல் கணக்குப் போட்டது. அந்தச் சட்டத்தின் முதல் பத்து வருடங்களில் வெளியேற்றியவர்களுக்குப் பதிலாக ஆள் எடுத்துப் பயிற்சி கொடுக்க ஆன செலவு ஏறத்தாழ 19 கோடி டாலர். போனவர்களில் அரபு மொழி கற்ற 54 பேர் அடக்கம். பின்னால் ஈராக் போரில் மொழிபெயர்க்க ஆள் கிடைக்காமல் திண்டாடினார்கள்.

இன்னொரு கணக்கும் உண்டு. 2001-இல் இப்படி வெளியேற்றப்பட்டவர்கள் 1,200-க்கும் மேல். ஈராக், ஆப்கானிஸ்தான் போர்கள் சூடு பிடித்த 2006-இல் அது பாதியாகிவிட்டது. ஆபத்து என்று உண்மையிலேயே நம்பியிருந்தால் போர்க்காலத்தில் அல்லவா அதிகம் பேரை அனுப்பியிருக்க வேண்டும்?

கேள்வி: எதிரி நாடு மிரட்டி ரகசியம் கறக்காதா?

இதற்கு எல்லோரும் எடுத்துக்காட்டும் ஆள் ஆல்ஃபிரட் ரெட்ல். ஆஸ்திரியா-ஹங்கேரிப் பேரரசின் ராணுவத்தில் கர்னல், உளவுத்துறையில் வேலை பார்த்தவர், தன்பாலீர்ப்பாளர். ரஷ்யாவுக்கு ரகசியம் விற்று 1913-இல் மாட்டிக்கொண்டு தற்கொலை செய்துகொண்டார். மிரட்டலுக்குப் பணிந்தார் என்பது கதை. ஆனால் அவர் ரஷ்யர்களிடம் வாங்கிய தொகை பெரிது, வாழ்ந்ததும் ஆடம்பர வாழ்க்கை. மிரட்டினார்கள் என்றே வைத்துக்கொள்வோம். எதைச் சொல்லி மிரட்டியிருக்க முடியும்? தெரிந்தால் வேலை போகும், மானம் போகும் என்றுதானே. அந்தத் தண்டனையை எடுத்துவிட்டால் மிரட்டுகிறவன் கையில் என்ன மிஞ்சும்? ரகசியக் கோப்புகளைப் பார்க்கும் அனுமதியை இந்த ஒரு காரணத்துக்காக மறுக்கக் கூடாது என்று அமெரிக்கா 1995-இலேயே உத்தரவு போட்டுவிட்டது, படையில் தடை நீங்குவதற்கு 16 வருடம் முன்பே.

கேள்வி (கல்லூரி மாணவி): எப்போதும் ஆண்களைப் பற்றியே பேசுகிறார்கள். பெண்களுக்கு?

பெண்களுக்கு இன்னும் மோசம், தங்கையே. அந்த அமெரிக்கச் சட்டம் நடப்பில் இருந்தபோது படையில் ஏறத்தாழ ஏழில் ஒருவர்தான் பெண். வெளியேற்றப்பட்டவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் பெண். தன் விருப்பத்துக்கு இணங்காத பெண்ணை 'அவள் அப்படிப்பட்டவள்' என்று மாட்டிவிட்டது பல வழக்குகளில் பதிவாகியிருக்கிறது. தன்பாலீர்ப்பு இல்லாத பெண்கூட, ஆண்கள் தொந்தரவு செய்தாலும், இந்தச் சட்டத்துக்குப் பயந்து புகார் கொடுக்காமல் இருந்தாள்.

பிரிட்டனில் நடந்த ஒன்றையும் சொல்கிறேன். விமானப்படைச் செவிலியர் ஒருவர், ஆமாம், நான் தன்பாலீர்ப்பு உள்ளவள்தான் என்று விசாரணை தொடங்கியதுமே ஒப்புக்கொண்டார். அதோடு முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. அவரும் துணைவியும் வளர்த்து வந்த பதினாறு வயதுப் பெண்ணோடு உறவு உண்டா என்பது வரை கேட்டார்கள். 1999 செப்டம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அந்த வழக்கில் பிரிட்டனுக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. ஒப்புக்கொண்ட பிறகும் துருவியதை அது குறிப்பாகக் கண்டித்தது. நாலு மாதத்துக்குள் தடை போயிற்று.

கேள்வி: என் மதம் இதை ஏற்கவில்லை. நான் ஏன் ஏற்க வேண்டும்?

ஏற்க வேண்டாம். கூட நின்று வேலை செய்தால் போதும். அமெரிக்காவில் தடை நீங்கிய பிறகும் படையில் இருக்கும் பாதிரியார்கள் தங்கள் மதம் சொல்வதைப் போதிக்கத் தடை வரவில்லை.

கேள்வி: பழைய காலத்தில் காதலர்களை வைத்தே ஒரு படை இருந்ததாமே?

கிரேக்க தீப்ஸ் நகரத்தின் புனிதப் படையைச் சொல்கிறீர்கள். 300 பேர், காதலர்களைக் கொண்ட படை என்று சிலர் சொல்வதாகப் பண்டைய கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் எழுதுகிறார். கி.மு. 371-இல் ஸ்பார்ட்டாவைத் தோற்கடித்ததில் அவர்களுக்குப் பங்குண்டு. 338-இல் மாசிடோனியர்களிடம் அழிந்தார்கள். படிக்க நன்றாக இருக்கும். ஆனால் இதை வாதமாக வைப்பது எனக்குப் பிடிக்காது. வேலையில் இருக்க ஒருவர் மாவீரராக இருக்க வேண்டிய அவசியமில்லை. சாதாரண சிப்பாயாக, சுமாரான சிப்பாயாக இருக்கவும் அவர்களுக்கு உரிமை வேண்டும்.

கேள்வி: திருநர்களுக்கும் (திருநங்கை, திருநம்பி) இதே பதில்தானா?

சட்டத்தில் அது தனிப் பாதை. அமெரிக்காவிலேயே 2016-இல் அனுமதி, 2019-இல் கட்டுப்பாடு, 2021-இல் மறுபடி அனுமதி, 2025-இல் மறுபடி தடை. அதைத் தனியாக எழுதுகிறேன்.

கேள்வி: முன்பு துரத்தப்பட்டவர்களுக்கு ஏதாவது கிடைத்ததா?

தாமதமாக. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இவர்களை நீலத் தாளில் வெளியேற்றச் சான்று கொடுத்து அனுப்பியது. வேலைக்குப் போன இடத்தில் அந்தத் தாளைப் பார்த்தாலே கதவு மூடும்; முன்னாள் படையினருக்கான கல்வி உதவியும் கிடையாது. 2011-க்குப் பிறகு பலரின் சான்று திருத்தப்பட்டது. 2024 அக்டோபரில் மட்டும் 800-க்கும் மேற்பட்டவர்களுடையதை மாற்றியதாக அறிவித்தார்கள். பிரிட்டனில் 2023 ஜூலையில் பிரதமர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டார். வெளியேற்றப்பட்டவர்களுக்குத் தலா 50,000 பவுண்ட் என்று அடுத்த ஆண்டு அறிவிப்பு வந்தது. பறித்த பதக்கங்களையும் திருப்பித் தருகிறார்கள். வாங்கிக்கொள்ளப் பலர் உயிரோடு இல்லை.

கேள்வி: இந்தியா, கொரியா, சிங்கப்பூர் இங்கெல்லாம் என்ன நிலை?

இந்தியாவில் 2018 செப்டம்பர் 6 அன்று உச்ச நீதிமன்றம், வயது வந்தவர்கள் மனமொத்து வைத்துக்கொள்ளும் உறவு குற்றமில்லை என்றது. ஆனால் 1950-ஆம் வருட ராணுவச் சட்டம் தனியாக நிற்கிறது. அதன் 46-ஆவது பிரிவு 'இயற்கைக்கு மாறான' இழிநடத்தைக்கு ஏழு வருடம் வரை சிறை என்கிறது. படையினரின் அடிப்படை உரிமைகளைச் சுருக்க அரசியல் சாசனத்தின் 33-ஆவது பிரிவு நாடாளுமன்றத்துக்கு அதிகாரமும் தருகிறது. 2019 ஜனவரியில் தரைப்படைத் தளபதி பிபின் ராவத், படைக்குள் இதை அனுமதிக்க மாட்டோம் என்று சொன்னார்.

தென் கொரியாதான் விசித்திரம். ஆண்கள் கட்டாயம் சேர வேண்டும், தன்பாலீர்ப்பாளருக்கும் விலக்கு இல்லை. சேர்ந்த பின் உறவு வைத்தால் இரண்டு வருடம் வரை சிறை. கூப்பிடுவதும் அவர்களே, உள்ளே தள்ளுவதும் அவர்களே. முகாமுக்கு வெளியே மனமொத்து நடப்பதற்கு அது பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2022-இல் சொன்னது. மறு வருடமே அரசியல் சாசன நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. சிங்கப்பூரில் கட்டாயச் சேவை இவர்களுக்கும் உண்டு. பொதுச் சட்டத்தில் இருந்த தண்டனைப் பிரிவை 2022-இல் நாடாளுமன்றம் நீக்கியது.

கேள்வி (பெயர் வேண்டாம் என்றவர்): எனக்கு 19 வயது. நான் அப்படித்தான். ராணுவத்தில் சேரத்தான் சின்ன வயதிலிருந்து ஆசை. இன்னும் தண்டனை இருக்கும் நாட்டில் சேரலாமா?

தம்பி, உன் ஆசையில் தப்பே இல்லை. முடிவு உன்னுடையது, ஆனால் என்ன இருக்கிறது என்று தெரிந்து எடு. சேரும் முன் அந்தப் படையின் சட்டத்தில் நடத்தை பற்றிய பிரிவுகளை நீயே படி. பொதுச் சட்டம் மாறிவிட்டது என்று யாராவது சொன்னால் அது படைக்குள்ளும் செல்லுமா என்று விசாரி. செல்லாமலும் போகலாம். ஈர்ப்பு இருப்பதற்குத் தண்டனையா, செயலுக்குத் தண்டனையா என்பதைப் பிரித்துப் பார். பல நாடுகளில் இரண்டாவது மட்டும்தான். ஆனால் முதலாவதை வைத்து 'பணிக்குத் தகுதியில்லை' என்று அனுப்பவும் வழி வைத்திருப்பார்கள். சேர்ந்த பிறகு யாராவது விசாரணை என்று கூப்பிட்டால் பயத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிடாதே. ராணுவ வழக்கு நடத்தும் வக்கீலைப் பார்க்கும் வரை ஒரு வரிகூட எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்காதே.