டி.சி. முதல் பழைய நோட்டு வரை: ஏப்ரல் மாதக் கடிதங்கள்

முழு ஆண்டுத் தேர்வு நெருங்கிவிட்டால் குழந்தையின் பையில் நாளுக்கொரு சுற்றறிக்கை வந்து சேர்கிறது. அடுத்த ஆண்டுக்கு இதைக் கட்டுங்கள், அதை வாங்குங்கள் என்று வரிசையாகக் கேட்கிறார்கள். இந்த மாதம் எனக்கு வந்த கடிதங்களில் பெரும்பாலானவை தொடக்கப் பள்ளிப் பெற்றோர் எழுதியவை. அவற்றைச் சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: மகன் மூன்றாம் வகுப்பு முடிக்கிறான். ஜூனில் யூனிஃபார்ம் நிறம் மாறுகிறதாம். பள்ளி வளாகத்தில் போடும் கடையில்தான் வாங்க வேண்டும், இரண்டு செட் 4,300 ரூபாய் என்று டைரியில் ஒட்டி அனுப்பியிருக்கிறார்கள். அதே துணி கடைவீதியில் பாதி விலைக்குக் கிடைக்கிறது. மறுக்க முடியுமா? – நாமக்கல்

பதில்: முடியும். தனியாக மறுத்தால் குழந்தையின் பெயர் அடிபடும் என்று பயப்படுகிறீர்கள், அந்தப் பயம் நியாயமானது. அதனால் அதே வகுப்புப் பெற்றோர் பத்துப் பேரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். "துணியின் நிறம், தரம், வடிவம் என்ன என்று எழுதித் தாருங்கள். எங்களுக்கு வசதியான இடத்தில் தைத்துக்கொள்கிறோம்" என்று தலைமை ஆசிரியருக்கு ஒரே கடிதமாகக் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். ஒன்றைப் பெற வேண்டுமானால் இன்னொன்றையும் எங்களிடமே வாங்கு என்று கட்டாயப்படுத்துவது, 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி கட்டுப்பாடான வணிக முறை. பள்ளி அசையாவிட்டால் அந்த நகலோடு மாவட்டக் கல்வி அலுவலரிடம் போங்கள்.

"கல்வி நிறுவனம் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வராது" என்று பள்ளித் தரப்பில் சொல்லக்கூடும். தேசிய நுகர்வோர் ஆணையம் 2020இல் அப்படி ஒரு தீர்ப்பு அளித்தது உண்மைதான். அது கல்வி சார்ந்த பணிகளைப் பற்றியது. சட்டையும் நிக்கரும் விற்பது கல்வி என்று யாரும் என்னிடம் வாதாட வர வேண்டாம்.

இனி, பல ஆண்டுகளாக என் மனத்தில் கிடப்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆயத்த யூனிஃபார்மை ஒருமுறை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். பாவாடை விளிம்பில் அரை அங்குலம்கூட உள்மடிப்பு இருக்காது. பக்கத் தையலில் பிரித்துவிட ஒரு நூல் அகலத் துணி மிச்சம் இருக்காது. என் அம்மா காலத்துத் தையல்காரர் கேட்காமலேயே இரண்டு அங்குலம் மடித்துத் தைப்பார். பிள்ளை வளர வளர ஆண்டுக்கு ஒரு மடிப்பாகப் பிரித்துவிடுவோம். மடிப்பு இருந்த இடத்தில் நிறம் சற்று அழுத்தமாகத் தெரியும், அவ்வளவுதான். ஒரு பாவாடை மூன்று ஆண்டு உழைத்தது. இப்போது ஒரே ஆண்டில் முழங்காலுக்கு மேல் ஏறிவிடுகிறது, மறுபடி வாங்கத்தான் வேண்டும். ஆறு வயதுக் குழந்தை வளரும் என்பது தைப்பவருக்கும் தெரியும், விற்பவருக்கும் தெரியும். தெரிந்தே அந்த இரண்டு அங்குலத்தை வெட்டியிருக்கிறார்கள். என் மகள் இரண்டாம் வகுப்புக்குப் போனபோது பள்ளியில் மூன்று செட் மொத்தமாக வாங்கினேன். முதல் சலவையிலேயே சுருங்கியது. பிரித்துவிட மடிப்பில்லை. தீபாவளிக்குள் மூன்றும் வீணாயின. துணியாக வாங்க வழி இருந்தால் துணியாகவே வாங்குங்கள். தண்ணீரில் நனைத்து உலர்த்திவிட்டுத் தைக்கக் கொடுங்கள். அளவு ஏப்ரலில் வேண்டாம், மே கடைசி வாரத்தில் எடுங்கள். மடிப்பு எத்தனை அங்குலம் என்று ரசீதில் எழுதச் சொல்லுங்கள்.

கேள்வி: மகன் அரசுத் தொடக்கப் பள்ளியில் முதல் வகுப்பு. அடுத்த ஆண்டுக்குப் புத்தகம், நோட்டு, பை எல்லாம் சேர்த்து 2,000 ரூபாய் செட் என்று கடைக்காரர் முன்பணம் கேட்கிறார். – அரியலூர்

பதில்: கொடுக்காதீர்கள். பாடநூல், நோட்டு, பை, காலணி எல்லாம் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு விலையின்றித் தருகிறார்கள். சத்துணவுத் திட்டத்தில் பெயர் இருந்தால் சீருடையும் உண்டு. ஜூனில் தலைமை ஆசிரியரைக் கேட்டுவிட்டு, குறைவதை மட்டும் வாங்குங்கள்.

கேள்வி: மகளை ஊரில் உள்ள அரசுப் பள்ளிக்கு மாற்றுகிறோம். இந்த ஆண்டுக் கட்டணம் முழுவதும் கட்டிவிட்டோம். ஆனாலும் அடுத்த ஆண்டு முதல் பருவக் கட்டணத்தையும் கட்டினால்தான் டி.சி. என்கிறது தனியார் பள்ளி. – திருப்பூர்

பதில்: கட்ட வேண்டாம். படிக்காத பருவத்துக்கு எதற்குக் கட்டணம்? கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம், 2009 – 5ஆம் பிரிவு. அரசுப் பள்ளிக்கோ அரசு உதவி பெறும் பள்ளிக்கோ மாறும் குழந்தைக்கு மாற்றுச் சான்றிதழை உடனே தர வேண்டும். தாமதித்தால் அந்தத் தலைமை ஆசிரியர் மீது ஒழுங்கு நடவடிக்கை எடுக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. அதைவிட உங்களுக்கு முக்கியமானது இது: டி.சி. வரவில்லை என்பதைக் காரணம் காட்டிப் புதிய பள்ளி சேர்க்கையை மறுக்கவும் கூடாது, தள்ளிப்போடவும் கூடாது. ஆகவே முதலில் குழந்தையைச் சேர்த்துவிடுங்கள், டி.சி. பின்னால் வரட்டும். பழைய பள்ளிக்கு உங்கள் கோரிக்கையைப் பதிவுத் தபாலில் அனுப்பி ஒப்புகை அட்டையைப் பத்திரப்படுத்துங்கள். இந்த வெயிலில் ஐந்து முறை அலையவிட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். படிக்கும்போதே கோபம் வந்தது.

கேள்வி: யூ.கே.ஜி. முடிக்கும் குழந்தைகளுக்குப் பட்டமளிப்பு விழாவாம். கறுப்பு அங்கி, தொப்பி, போட்டோ சேர்த்து 1,500 ரூபாய். – மதுரை

பதில்: விருப்பம் இருந்தால் கட்டுங்கள், கட்டாயம் என்றால் கட்டாதீர்கள். நீங்கள் கட்டாததால் குழந்தையை மேடையில் ஏற்றாமல் விட்டால் எனக்கு எழுதுங்கள்.

கேள்வி: கட்டணக் குழு நிர்ணயித்த தொகைக்கு ஒரு ரசீது. அதற்குமேல் வாங்கிய 11,000 ரூபாய்க்கு வெள்ளைத் துண்டுச் சீட்டு. அதில் பள்ளியின் பெயர்கூட இல்லை. கேட்டால் "வளர்ச்சி நிதி" என்கிறார்கள். – சேலம்

பதில்: அந்தத் துண்டுச் சீட்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், உங்களிடம் இருக்கும் முதல் சாட்சி அதுதான். தனியார் பள்ளிக் கட்டணத்தை முறைப்படுத்தத் தமிழ்நாட்டில் 2009இலேயே சட்டம் வந்துவிட்டது. ஓய்வுபெற்ற உயர் நீதிமன்ற நீதிபதி தலைமையிலான குழு ஒவ்வொரு பள்ளிக்கும் கட்டணம் நிர்ணயிக்கிறது. அதற்குமேல் வாங்குவது குற்றம், சிறைத் தண்டனைக்கும் சட்டத்தில் இடம் இருக்கிறது. கூடுதலாக வாங்கியதைத் திருப்பித் தரவும் வேண்டும். இரண்டு சீட்டுகளின் நகலையும் இணைத்துக் கட்டணக் குழுவுக்கு எழுதுங்கள். அடுத்த முறை ரொக்கமாகக் கொடுக்காதீர்கள். காசோலையோ வங்கிப் பரிமாற்றமோதான் என்று உறுதியாக நில்லுங்கள். துண்டுச் சீட்டில் வாங்கும் பணத்தை வங்கி வழியே வாங்கப் பெரும்பாலும் தயங்குவார்கள்.

கேள்வி: பிப்ரவரியில் மகனுக்கு வாங்கிய பள்ளி ஷூவின் அடிப்பாகம் ஏப்ரலில் பிளந்துவிட்டது. "விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது" என்று கடையில் பலகை. பில் வாங்கவில்லை. – வேலூர்

பதில்: பில் ஏன் வாங்கவில்லை? மாதாமாதம் இதே வரியை எழுதுகிறேன். அந்தப் பலகை உங்களைக் கட்டுப்படுத்தாது. குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற மறுப்பது நேர்மையற்ற வணிகம். பில்லில் கெடு எதுவும் குறிக்காவிட்டால் 30 நாள் என்று 2019ஆம் ஆண்டுச் சட்டம் வைத்திருக்கிறது. நீங்கள் அந்த 30 நாளையும் கடந்துவிட்டீர்கள், பில்லும் இல்லை. போனில் பணம் அனுப்பியிருந்தால் அந்தப் பதிவை எடுத்துக்கொண்டு, உற்பத்தியாளர் உத்தரவாதம் பெட்டியில் அச்சாகியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். இல்லையென்றால் செருப்புத் தைப்பவரிடம் கொடுத்துத் தையல் போட்டுக்கொள்ளுங்கள்.

எல்லோருக்கும் ஒன்று: ஜூனுக்கான ஷூவை இப்போது வாங்காதீர்கள். இரண்டு மாத விடுமுறையில் பாதம் வளர்ந்துவிடும். அதற்காக இரண்டு அளவு பெரிதாகவும் வாங்காதீர்கள். நான் வாங்கினேன். முனையில் பஞ்சு அடைத்து மகளை அனுப்பினேன். படியில் தடுக்கி விழுந்து மோவாயில் மூன்று தையல் போட்டார்கள். அந்தத் தழும்பைப் பார்க்கும்போதெல்லாம் நான் மிச்சம் பிடித்த பணம் நினைவுக்கு வருகிறது. மாலை நேரத்தில், சாக்ஸ் போட்டபடி, நிற்கவைத்து அளவு பாருங்கள். முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும்.

கேள்வி: பள்ளி தந்த பட்டியல்படி நோட்டு வாங்கினேன். நான்கு கோடு, இரண்டு கோடு, கட்டம் போட்டது என 22 நோட்டு. பில்லில் 12 சதவீதம் ஜி.எஸ்.டி. போட்டிருக்கிறார்கள். சரியா? – கும்பகோணம்

பதில்: தவறு. 2025 செப்டம்பர் 22 முதல் பள்ளி நோட்டுகளுக்கு ஜி.எஸ்.டி. கிடையாது. பென்சில், ரப்பர், ஷார்ப்னர், கிரேயான், வரைபடத்துக்கும் அப்படியே. அது மட்டுமல்ல, அட்டையில் அச்சிட்ட அதிகபட்ச சில்லறை விலை எல்லா வரியையும் உள்ளடக்கியது. அதற்குமேல் வரி என்று ஒரு ரூபாய் சேர்த்தாலும் புகார் செய்யலாம். பில் வைத்திருக்கிறீர்கள், எனவே பணம் திரும்ப வரும். கடைக்காரரிடம் நேரில் காட்டுங்கள். மறுத்தால் 1915. ஆனால் முதல் நாளே 22 நோட்டு எதற்கு? அடுத்த முறை பாதியை ஜூனில் வாங்குங்கள், மீதியைத் தேவைப்படும்போது பார்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: கோடை விடுமுறைக்கு அபாகஸ் வகுப்பு. நான்கு நிலைக்கும் சேர்த்துக் கட்டினால் தள்ளுபடி என்று சென்ற ஆண்டு 16,000 ரூபாய் வாங்கினார்கள். முதல் நிலை முடியும் முன் மையத்தைப் பூட்டிவிட்டார்கள். நான் தனியாகப் பிள்ளையை வளர்ப்பவள். – தூத்துக்குடி

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். இதே போல எனக்கும் நடந்தது, அதனால் உங்கள் மனநிலை புரிகிறது. என் மகளுக்கு மூன்று நிலைக்கும் ஒன்றாகக் கட்டினேன். ஒரு திங்கட்கிழமை போனபோது பெயர்ப் பலகையே இல்லை. என்னிடம் ரசீது இல்லாததால் ஒன்றும் செய்ய முடியவில்லை. உங்களிடம் ரசீது இருக்கிறது. பயிற்சி மையங்கள் நுகர்வோர் சட்டத்தின் கீழ் வரும். மையம் ஏதாவது பெரிய நிறுவனத்தின் கிளை என்றால் அந்த நிறுவனத்தையும் எதிர்த்தரப்பாகச் சேருங்கள். மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்குக் கட்டணம் இல்லை. வழக்கறிஞர் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. பிரச்சினை எழுந்த நாளிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் தாக்கல் செய்ய வேண்டும், இன்னும் காலம் இருக்கிறது. முதலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள், 15 நாள் கெடு கொடுங்கள். என்ன எழுதுவது என்று தெரியவில்லை என்றால் ரசீது நகலை எனக்கு அனுப்புங்கள், சேர்ந்து எழுதுவோம்.

கேள்வி: கோடிங் செயலியில் ஒரு வாரம் இலவசம் என்று சேர்த்தேன். மூன்று மாதமாக 999 ரூபாய் போய்க்கொண்டிருக்கிறது. இப்போதுதான் கவனித்தேன். – கோவை

பதில்: பணம் எடுப்பதற்கு 24 மணி நேரம் முன்பே அறிவிப்பு வந்திருக்க வேண்டும் என்பது ரிசர்வ் வங்கி விதி. வந்திருந்தால் மூன்று முறை வந்ததை நீங்கள் படிக்கவில்லை. போனில் பணம் அனுப்பும் செயலியைத் திறந்து, தானியங்கிக் கட்டண ஒப்புதலை இன்றே ரத்து செய்யுங்கள். அறிவிப்பு வரவில்லை என்றால் வங்கியில் புகார் கொடுங்கள். வெளியேறும் வழியை அந்தச் செயலி ஒளித்து வைத்திருந்தால் அதுவும் 2023 நவம்பர் முதல் தடை செய்யப்பட்ட தந்திரம், 1915க்குச் சொல்லுங்கள்.

கேள்வி: தனியார் பள்ளியில் 25 சதவீத ஒதுக்கீட்டில் இடம் வாங்கித் தர 5,000 ரூபாய் கேட்கிறார் கணினி மையக்காரர். – விழுப்புரம்

பதில்: ஏமாற்று. விண்ணப்பத்துக்குக் கட்டணம் கிடையாது. இடத்தைவிட விண்ணப்பம் கூடினால் குலுக்கல்தான். குலுக்கலில் அவருக்கு என்ன வேலை?

கேள்வி: அடுத்த ஆண்டுக்கு வேன் பேசியிருக்கிறோம். எட்டுப் பேர் அமரும் வண்டியில் பதினான்கு பிள்ளைகள். மாதம் 400 ரூபாய் குறைவு. சொந்த வண்டிக்கான வெள்ளை நம்பர் பலகைதான். முன்பணம் கொடுக்கலாமா? – செங்கல்பட்டு

பதில்: கூடாது. சொந்த உபயோகத்துக்குக் காப்பீடு எடுத்த வண்டியை வாடகைக்கு ஓட்டி விபத்து நடந்தால் இழப்பீடு கிடைப்பதே சந்தேகம். உங்கள் மாவட்டத்திலேயே, தாம்பரம் பக்கம், 2012 ஜூலையில் ஓடும் பள்ளி பஸ்ஸின் தளத்தில் இருந்த ஓட்டை வழியே இரண்டாம் வகுப்புச் சிறுமி விழுந்து இறந்தாள். அதன் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்குத் தமிழ்நாட்டில் தனி விதிகள் வந்தன. மே மாதத்தில் பள்ளி வாகனங்களை வட்டாரப் போக்குவரத்து அலுவலர்கள் வரிசையாக நிறுத்திச் சோதிக்கிறார்கள். தளம், அவசர வழி, தீயணைப்பான் எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். வெள்ளைப் பலகை வேன் அந்த வரிசைக்கே வராது. மாதம் 400 ரூபாய்க்காகப் பதினான்கு பிள்ளைகளை அதில் ஏற்றும் எல்லாப் பெற்றோர் மீதும் எனக்கு வருத்தம் இருக்கிறது.

கேள்வி: ஆண்டு முடிந்தது, இரு பிள்ளைகளின் பழைய நோட்டு, புத்தகம் ஒரு மூட்டை. பழைய பேப்பர் கடைக்காரர் தராசில் ஆறு கிலோ காட்டியது. தூக்கினால் பத்துக்குக் குறையாது. – ஈரோடு

பதில்: அடுத்த முறை திறக்காத இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை முதலில் அவர் தராசில் வையுங்கள். இரண்டு கிலோவுக்குச் சற்று மேலே காட்ட வேண்டும். குறைந்தால் மூட்டையைத் திரும்ப எடுத்துக்கொள்ளுங்கள். எலெக்ட்ரானிக் தராசுக்கு ஆண்டுதோறும் முத்திரை வாங்க வேண்டும், அதைக் காட்டச் சொல்லுங்கள். இல்லையென்றால் தொழிலாளர் துறையின் எடையளவுப் பிரிவில் புகார் செய்யலாம். போடுவதற்கு முன் எழுதாத பக்கங்களைக் கிழித்து அடுக்குங்கள். அச்சகத்தில் கொடுத்து பைண்டிங் செய்தால் அடுத்த ஆண்டுக்கு இரண்டு ரஃப் நோட்டாவது தேறும். பிள்ளையின் பெயர், வகுப்பு, உங்கள் போன் எண் எழுதிய லேபிள்களையும், டைரியில் போட்டோ ஒட்டிய முதல் பக்கத்தையும் கிழித்து எடுத்துவிட்டு மீதியை மட்டும் போடுங்கள்.