பழைய குளியலறையைப் புதுப்பிக்க நினைக்கிறேன். எதிலிருந்து தொடங்குவது?

டைல்ஸ் கடையிலிருந்து மட்டும் வேண்டாம். பழைய தரையைக் கொத்தி எடுத்ததும் முதலில் குழாய் வேலை. வெந்நீருக்குச் சாதாரண பிவிசி தாங்காது; சூடு தாங்கும் சிபிவிசி குழாய் போடுங்கள். சுவரைப் பூசி மூடுவதற்கு முன் குழாய் போகும் வழியைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். பிறகு கண்ணாடி மாட்டத் துளையிடும் நாளில் அதன் அருமை தெரியும்.

அடுத்து நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சு. தரையோடு நிறுத்தாமல், குளிக்கும் பக்கச் சுவரில் ஆறடி உயரம் வரை பூசச் சொல்லுங்கள். நன்றாகக் காய்ந்ததும் வடிகால் வாயை அடைத்துத் தண்ணீர் தேக்கி, 24 முதல் 48 மணி நேரம் விட வேண்டும். கீழ்வீட்டுக் கூரையில் ஈரம் தெரியாவிட்டால்தான் டைல்ஸ். “அதெல்லாம் தேவையில்லை சார்” என்றார் எங்கள் கொத்தனார். நானும் தலையாட்டினேன், ஆறே மாதத்தில் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார்.

தரை டைல்ஸ் சொரசொரப்பாக இருக்கட்டும். வடிகாலை நோக்கிய வாட்டம் (சரிவு) மீட்டருக்கு ஒரு செ.மீ. இருந்தால் போதும், மீதிப் பணம் தருவதற்கு முன் ஒரு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள்.