மலேசியாவின் பேராக் மாநிலத்தில் உள்ள சுங்கை சிப்புட் மாதிரி தோட்டப்புற ஊரில் இருந்துகொண்டு சுயாதீன எழுத்தாளர்-இயக்குநர் ஆக முடியுமா?

முடியும். சுயாதீன இயக்குநர் என்றால், பெரிய தயாரிப்பு நிறுவனத்தின் பணத்தையும் கட்டளையையும் நம்பாமல் தன் கதையைத் தானே எழுதி இயக்குபவர். எழுத்தும் இயக்கமும் ஒரே ஆளிடம் இருப்பதற்கு முதல் காரணம் காசுதான்: தனியாக எழுத்தாளருக்குச் சம்பளம் கொடுக்க முடியாது. இன்னொன்று, கையில் இருப்பதை வைத்து எழுதலாம். சுங்கை சிப்புட்காரருக்குப் பழைய லயத்து வீடு (தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடு), கோயில் திடல், செம்பனைத் தோட்டத்து மண்சாலை எல்லாம் கேட்டால் கிடைக்கும். (அனுமதியை எழுத்தில் வாங்குங்கள், வாய்வார்த்தை படப்பிடிப்பு நாளில் உதவாது.) கார் துரத்தல் எழுதினால் தொலைந்தார்.

வழக்கமான பாதை குறும்படம், அப்புறம் டெலிமூவி (தொலைக்காட்சிக்கான படம்), பிறகு முழுநீளப் படம். அது நாள் பிடிக்கும் பாதை. பால்மரக் (ரப்பர்) கன்று நட்டால் பால்வெட்டுக்கு வர ஐந்தாறு வருஷம் ஆகும். அதுவரை இடையில் வாழையோ அன்னாசியோ போட்டுத்தான் சமாளிப்பார்கள். இங்கே அந்த ஊடுபயிர் கல்யாண வீடியோ, விளம்பரம், எடிட்டிங். அதைக் கேவலமாக நினைப்பவர்கள்தான் சீக்கிரம் விலகுகிறார்கள் என்பது என் கணிப்பு.

நிதிக்கு, 1981இல் தொடங்கிய பினாஸ் என்ற அரசுத் திரைப்பட வளர்ச்சிக் கழகம் இருக்கிறது. தோட்டப்புறக் கதை எடுபடுமா என்றால், தோட்டத்தை விட்டு வெளியேறியவர்களின் வாழ்க்கையைச் சொன்ன சஞ்சய் குமார் பெருமாளின் 'ஜகாட்', 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படமானது.

சுயாதீனப் படத்துக்குத் தணிக்கை கிடையாது என்று பலர் நினைக்கிறார்கள். திரையரங்குக்குப் போக வேண்டுமானால் அதுவும் தணிக்கை வாரியத்தைத் தாண்டியே ஆக வேண்டும்.