பராக்கு: ஒரு கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா,

எங்கள் வீட்டில் தினமும் இரவு ஜெபமாலை உண்டு. சின்ன வயதில் பிடித்திருந்தது. இப்போது உட்கார்ந்தால் இரண்டாவது காரணிக்கத்திலேயே, அதாவது இரண்டாவது பத்து மணியிலேயே, மனம் ஆபீசுக்குப் போய்விடுகிறது, வாய் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறது. இது போலித்தனம் இல்லையா? உடன் வேலை பார்க்கும் நண்பர் பெந்தெகொஸ்தே சபைக்காரர். 'இயேசு இருக்கும்போது மரியாளிடம் ஏன் போகிறீர்கள்? வீண்வார்த்தைகளை அலப்பாதேயுங்கள் என்று வேதம் சொல்கிறதே' என்கிறார். எனக்குப் பதில் தெரியவில்லை. தொலைந்த பொருளுக்கு அந்தோணியார், கைவிட்ட காரியத்துக்கு யூதா ததேயு என்று புனிதர்களுக்கு இலாகா பிரித்திருப்பதும் உறுத்துகிறது. அமைதியாக, என் சொந்த வார்த்தையில், நேராகக் கடவுளிடம் பேசினால் போதாதா? நான் பாதியில் எழுந்து போனால் அம்மா வருத்தப்படுகிறார். அவரிடம் என்ன சொல்வது?

பெயர் வேண்டாம்.

அன்புள்ள தம்பி,

முதலில் உங்கள் நண்பரை அனுப்பி வைத்துவிடுவோம். அவரோடு நமக்குச் சண்டை இல்லை. கடவுளுக்கும் மனிதருக்கும் இடையே இணைப்பாளர் இயேசு ஒருவரே என்று பவுல் சொல்கிற அதே அதிகாரம் (1 தீமோத்தேயு 2) எல்லோருக்காகவும் பரிந்து மன்றாடுங்கள் என்றுதான் தொடங்குகிறது. பக்கத்தில் இருப்பவரிடம் 'எனக்காக ஜெபியுங்கள்' என்று அவரும் கேட்பார். கத்தோலிக்கர்கள் அதைப் புனிதர்களிடமும் கேட்கிறார்கள். ஆராதனை கடவுளுக்கு மட்டுமே, மற்றது வணக்கம் என்று 787-இல் திருச்சபையின் இரண்டாம் நிசேயா பொதுச்சங்கத்திலேயே பிரித்து வைத்தாயிற்று. மரியாவின் பங்கு கிறிஸ்துவின் பங்கில் எதையும் குறைப்பதில்லை என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1964-இல் எழுதியது. அதே ஏட்டில், மரியாவைப் பற்றி மிகைப்படுத்திப் பேசாதீர்கள் என்று பிரசங்கிகளுக்கு ஓர் எச்சரிக்கையும் இருக்கிறது. பலர் அந்தப் பக்கத்தைப் புரட்டிய மாதிரித் தெரியவில்லை, அது வேறு கதை. வீண்வார்த்தைக்கு வருவோம். 136-ஆம் சங்கீதத்தின் 26 வசனங்களும் 'என்றும் உள்ளது அவரது பேரன்பு' என்றே முடிகின்றன. கெத்சமனியில் இயேசு மூன்றாம் முறையும் அதே வார்த்தைகளைச் சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயுவே எழுதுகிறார். சரி, நண்பர் போகட்டும்.

என்னைப் பிடித்து நிறுத்தியது வேறோர் இடம். மனம் ஓடும்போது வாய் சொல்வது போலித்தனம் என்கிறீர்களே, அது. கொஞ்ச காலமாகவே இது என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது, உங்கள் கடிதம் வந்து கிளறிவிட்டது. உணர்ந்தால்தான் செய்வேன், உணராததைச் செய்தால் நேர்மையில்லை என்று இப்போது ஆளாளுக்குச் சொல்கிறார்கள். கேட்கவே எரிச்சலாக இருக்கிறது. போலித்தனம் என்று இயேசு கண்டித்தது, நாலு பேர் பார்க்கட்டும் என்று தெருமுனையில் நின்று ஜெபிப்பதை. உங்களை யார் பார்க்கிறார்கள்? அம்மா ஒருவர். அவரும் கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். உங்களுக்கு இருப்பது வெறும் பராக்கு. வேண்டுமென்றே இடம் கொடுத்தால் குற்றம், தானாக வந்தால் தொல்லை, அவ்வளவுதான்.

என் பெரியம்மா ஜெபமாலை சொல்வதை நீங்கள் கேட்டிருக்க வேண்டும். அவர் முன்னால் சொல்வார், நாங்கள் பிள்ளைகள் பின்னால் சொல்லுவோம். "புனித மரியே, இறைவனின் தாயே, பாவிகளாகிய எங்களுக்காக, ஏய் காலை ஆட்டாதே, இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும், அந்தக் கதவைச் சாத்து, வேண்டிக்கொள்ளும் ஆமென்." குரல் ஏறாது, இறங்காது. திட்டும் ஜெபமும் ஒரே ராகத்தில் வரும். கட்டைவிரல் மட்டும் மணியை விட்டு நகராது. யார் தூங்கி விழுந்தாலும், வாசலில் யார் வந்து நின்றாலும் எத்தனையாவது மணி என்பது அந்த விரலுக்குத் தெரியும். உங்கள் கணக்குப்படி அவர் பெரிய வேடதாரி.

ஆனால் ஒவ்வொரு காரணிக்கத்துக்கும் முன்னால் கருத்துகள் சொல்வார், அதாவது அது யாருக்காக, எதற்காக என்று. மூன்றாவதில் ஒரு பெயர் தவறாமல் வரும். அது அவருடைய ஓரகத்தியின் பெயர். சொத்துத் தகராறில் இருவருக்கும் பேச்சுவார்த்தை அறுந்து போயிருந்தது. கல்யாண வீட்டில் ஒருவர் உட்கார்ந்த வரிசையில் இன்னொருவர் உட்கார மாட்டார். பகலெல்லாம் பெரியம்மா அந்த அம்மாளைப் பற்றிச் சொல்வதை இங்கே எழுத முடியாது. இரவில் அதே வாய், பல்லைக் கடித்துக்கொண்டு, 'அவள் உடம்பு சுகத்துக்காக' என்று சொல்லி அருள் நிறைந்த மரியே பத்துச் சொல்லும். இதில் உணர்வு எங்கே இருந்தது? மனம் ஒன்றியா சொன்னார்? ஒன்றவே இல்லை, முகத்தைப் பார்த்தாலே தெரியும். உணர்ந்தால்தான் ஜெபிப்பேன் என்று அவர் உட்கார்ந்திருந்தால் அந்தப் பெயர் சாகும்வரை அவர் வாயில் நல்லவிதமாக வந்திருக்காது. சமாதானம் ஆனார்களா என்று கேட்பீர்கள். ஆகவில்லை. ஓரகத்தியின் அடக்கத்துக்குப் போனார், கடைசி வரிசையில் நின்றார், யாரிடமும் பேசாமல் திரும்பி வந்தார். அப்புறமும் மூன்றாவது காரணிக்கம் அவளுக்குத்தான், ஆன்ம இளைப்பாற்றிக்காக என்று மட்டும் மாற்றிக்கொண்டார்.

பெரியம்மா எழுதப் படிக்கத் தெரியாதவர், அவரை விடுங்கள் என்று உங்களுக்குத் தோன்றலாம். குழந்தை இயேசுவின் தெரேசாவை எடுத்துக்கொள்ளுங்கள். 1897-இல் 24 வயதில் இறந்த கார்மேல் துறவி. நூறு வருடம் கழித்துத் திருச்சபை அவரை மறைவல்லுநர், அதாவது விசுவாசத்தைக் கற்பிக்கும் பேராசான், என்று அறிவித்தது. தனியாக ஜெபமாலை சொல்வது தனக்கு உடம்பை வருத்தும் ஒறுத்தல் கருவியை அணிவதைவிடக் கஷ்டம் என்று அவரே எழுதி வைத்திருக்கிறார். எவ்வளவு முயன்றாலும் ஜெபமாலையில் தியானிக்க வேண்டிய மறைபொருள்களில், அதாவது இயேசு, மரியா வாழ்க்கை நிகழ்ச்சிகளில், மனம் நிற்கவில்லை, சொல்ல வெட்கமாக இருக்கிறது என்கிறார். ஜெப நேரத்தில் தூங்கியும் போவார். தூங்கினாலும் விழித்திருந்தாலும் பெற்றோருக்குக் குழந்தை குழந்தைதானே என்று அதற்கு ஒரு சமாதானம்! அதே கார்மேல் சபையின் பழைய துறவி அவிலா தெரேசம்மாள் அவரையும் மிஞ்சியவர். தியான நேரம் எப்போது முடியும், மணி எப்போது அடிக்கும் என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த வருடங்கள் தமக்கு உண்டு என்று எழுதியவர். ஜெபத்தைப் பற்றி எழுதியவர்களில் பெரியவர் என்று பெயர் வாங்கியவர் அவர். இரண்டு பேரும் எழுந்து போகவில்லை.

நீங்கள் எழுந்து போகிறீர்கள். சொந்த வார்த்தையில் பேச வேண்டுமாம். நன்றாகப் பேசுங்கள், யார் தடுத்தது? ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. ஜெபமாலையிலிருந்து எழுந்து போன இரவுகளில் அந்த அமைதியான, நேரடியான பேச்சு நடந்ததா? போனை எடுத்தீர்களா? பதில் எனக்கு வேண்டாம். சொந்த வார்த்தை நன்றாக வருவது நாம் நன்றாக இருக்கும்போதுதான். ஆஸ்பத்திரி வராந்தாவில், டாக்டர் வெளியே வரும்வரை, ஒருவரின் சொந்த வார்த்தை என்னவாக இருக்கும் என்று நினைக்கிறீர்கள்? வார்த்தையே இருக்காது. அந்த நேரத்தில் பிறர் செய்து வைத்த வார்த்தைதான் வாய்க்கு வரும், அதுவும் முன்பே வாய்க்குப் பழகியிருந்தால். சங்கீதங்கள் 150-ஐயும் படிக்கத் தெரியாதவர்கள் அதற்கு ஈடாக மணியை எண்ணிச் சொன்னது இந்த 150 அருள் நிறைந்த மரியே. ஏழைகளுக்கும் எழுத்தறியாதவர்களுக்கும் கிடைத்த சங்கீதப் புத்தகம் அது. அதை அறிவில்லாதவர்களின் பழக்கம் என்று பார்க்கிற பார்வை உங்கள் கடிதத்தில் லேசாகத் தெரிகிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

அருள் நிறைந்த மரியே ஜெபத்தின் வார்த்தைகளையாவது ஒருமுறை கவனித்திருக்கிறீர்களா? முதல் பாதி லூக்கா நற்செய்தியிலிருந்து வந்தது, கபிரியேல் சொன்னதும் எலிசபெத்து சொன்னதும். இரண்டாம் பாதி இன்றைய வடிவத்தில் உறுதியானது 1568-இல், ஐந்தாம் பயஸ் வெளியிட்ட ஜெபப் புத்தகத்தில். அதில் வேலை கொடு, வீடு கொடு என்று ஒன்றும் இல்லை. எங்களுக்காக வேண்டிக்கொள்ளும், அவ்வளவுதான். எதை வேண்ட வேண்டும் என்றுகூட நாம் சொல்வதில்லை. நேரத்தை மட்டும் சொல்கிறோம். ஒன்று இப்பொழுது, மற்றொன்று இறப்பின் வேளை. உங்கள் மனம் ஆபீசில் இருக்கும்போதும் வாய் தினம் ஐம்பது முறை உங்கள் சாவைச் சொல்லிவிட்டுத்தான் தூங்கப் போகிறது. அலுப்பான ஜெபம் என்கிறீர்கள்!

ஒன்பது நாள் சொன்னால் கேட்டது கிடைக்கும், இத்தனை பிரதி அச்சடித்துக் கொடுக்காவிட்டால் கெடுதல் வரும் என்று கோயில் பெஞ்சில் யாரோ வைத்துவிட்டுப் போகிற துண்டுச் சீட்டுகளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கிழித்துப் போடுங்கள் என்றிருப்பேன். அது மிரட்டல்.

அம்மாவிடம் சொல்ல ஒன்றுமில்லை. ஒரு காரணிக்கத்தை நான் முன்னால் சொல்கிறேன் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் சொல்கிறவனுக்குத்தான் பராக்கு வசதி. முன்னால் சொல்கிறவன் எண்ணிக்கை தவறினால் வீடே திரும்பிப் பார்க்கும். கருத்தாக அலுவலகத்தில் உங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காத ஒருவரின் பெயரைச் சொல்லுங்கள். மனம் எப்படியும் அங்கேதானே போகிறது.

அந்தோணியாரின் இலாகாவைப் பற்றி இன்னொரு நாள் எழுதுகிறேன்.