ஏறுகிற டென்ஷன் இறங்க மாட்டேங்குதே, அக்கா!

பாளையங்கோட்டையில் 31 வருஷம் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். மனஅழுத்தம் பற்றி நீங்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில். மாத்திரை பேர் கேட்டவர்கள் கோபிக்க வேண்டாம், அது டாக்டர் சொல்ல வேண்டியது.

கேள்வி: தினமும் 800 பீடி சுற்றுகிறேன். சாயங்காலம் ஆனால் கழுத்து விறைத்துப் போய், சும்மாவே பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறேன். தியானம் செய் என்கிறார்கள். நேரம் ஏது? (மேலப்பாளையம்)

பதில்: தியானம் கிடக்கட்டும் தங்கச்சி. மடியில் சுளகு இருக்கும்போது உங்கள் தோளைக் கவனித்திருக்கிறீர்களா? இலையை வெட்டி, தூள் வைத்துச் சுற்றி, நூல் கட்டுகிற வரை கண் கீழேதான், தோள் இரண்டும் காதுக்கு ஏறிக் கிடக்கும். கூடவே, இன்றைக்கு பீடிக் கடைக்காரர் எத்தனை பீடியைச் சரியில்லை என்று கழித்துப் போடுவாரோ என்ற கணக்கு உள்ளே ஓடும். நாய் துரத்துகிற பயமும் இந்தக் கழிவுப் பயமும் உடம்புக்கு ஒன்றுதான். சிறுநீரகத்தின் மேல் தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பி, அட்ரினலின், கார்டிசால் என்ற ஹார்மோன்களை ரத்தத்தில் இறக்கிவிடும். நாடி ஏறும், தசை இறுகும். ஏறுவது தப்பில்லை, நாய் போனதும் இறங்க வேண்டும். உங்கள் விஷயத்தில் நாய் போவதே இல்லை. வற்றின கிணற்றில் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்தால் அது கருகிப் போகுமே, அந்தக் கதைதான்.

நூறு பீடி முடிந்ததும் சுளகை இறக்கி வையுங்கள். நாலு எண்ணும் வரை மூச்சை இழுத்து, ஆறு எண்ணும் வரை மெதுவாக விடுங்கள். ஆறு தடவை, மொத்தம் ஒரு நிமிஷம். மூச்சை விடும் நேரத்தில்தான் மூளையில் இருந்து நெஞ்சுக்கு இறங்கும் வேகஸ் நரம்பு இதயத்தின் வேகத்தைக் குறைக்கும். அதனால்தான் விடுவது நீளமாக இருக்க வேண்டும். அப்புறம், தூள் பறக்கிற இடத்தில் வேண்டாம், வாசலுக்குப் போய்விடுங்கள்.

கேள்வி: ஆஸ்பத்திரியில் பிரஷர் 150, வீட்டில் 130. எதை நம்ப? (டவுன், பலசரக்குக் கடை)

பதில்: அண்ணாச்சி, ஆட்டோவில் இருந்து இறங்கி, டோக்கனுக்குச் சண்டை போட்டுவிட்டு, அந்த மூச்சோடு கையை நீட்டுகிறவர்களை நான் தினமும் பார்த்திருக்கிறேன். ஐந்து நிமிஷம் சும்மா உட்காருங்கள், அரைமணி முன்பிருந்தே காபி வேண்டாம், அளக்கும்போது வாயைத் திறக்காதீர்கள். ஒரு வாரம் காலையும் மாலையும் வீட்டில் பார்த்து எழுதிக்கொண்டு போய் டாக்டரிடம் காட்டுங்கள். வீட்டுக் கணக்கில் 135/85க்கு மேல் நின்றால் அது டென்ஷன் இல்லை, பிரஷர்.

கேள்வி: கவலைப்பட்டால் நிஜமாகவே ஆயுள் குறையுமா?

பதில்: 2004இல் அமெரிக்காவில் 58 தாய்மாரிடம் ஓர் ஆய்வு நடந்தது. பலர் நீண்டகால நோயுள்ள பிள்ளையைப் பராமரித்தவர்கள். மனஅழுத்தம் மிக அதிகம் என்று சொன்னவர்களுக்கு, செல்லுக்குள் இருக்கும் குரோமோசோமின் நுனி மூடியான, வயசாக ஆகக் குட்டையாகிற டெலோமியர், மற்றவர்களைவிடக் குட்டையாக இருந்தது. ஆய்வு செய்தவர்களில் ஒருவரான எலிசபெத் பிளாக்பர்ன், டெலோமியர் பற்றிய வேலைக்காக 2009இல் நோபல் வாங்கியவர். ஆனாலும் 58 பேரை வைத்து ஆயுள் ஜாதகம் கணிக்க முடியாது. என் அனுபவத்தில், கவலை நேராகக் கொல்வதைவிட, நடையையும் தூக்கத்தையும் கெடுத்து, பீடியையும் பாட்டிலையும் கையில் கொடுத்துத்தான் ஆளைச் சாய்க்கிறது.

கேள்வி: ஒரு கட்டிங் போட்டால் தூக்கம் வருகிறதே? (வண்ணார்பேட்டை)

பதில்: வரும் தம்பி. ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பியும் விடும்.

கேள்வி: அம்மா போனதில் இருந்து அப்பா கல்லிடைக்குறிச்சியில் தனியாகத் திண்ணையிலேயே உட்கார்ந்திருக்கிறார். நான் சென்னையில்.

பதில்: போனில் 'சாப்பிட்டீங்களா' என்று மட்டும் கேட்காதீர்கள். ஒரு வேலை கொடுங்கள்: வரி ரசீது வாங்கணும், மாமா வீட்டில் அப்பளம் கொடுக்கணும், இப்படி நாலு பேரிடம் பேச வைக்கிற வேலை. 'போய்ச் சேர்ந்தால் தேவலை' என்று ஒரு தடவை சொன்னாலும் விளையாட்டாக எடுக்காதீர்கள். அரசாங்கத்தின் மனநல உதவி போன் டெலி மானஸ் 14416, கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம். நீங்களும் ஒரு நடை போய்ப் பாருங்கள்.

கேள்வி: மாடிப்படி ஏறினால் நெஞ்சை அடைக்கிறது, இடது கை கனக்கிறது. டென்ஷன்தானே அக்கா?

பதில்: அதை நீங்களும் நானும் முடிவு செய்யக் கூடாது. இன்றைக்கே போய் ஈசிஜி எடுங்கள். சும்மா இருக்கும்போதே அடைத்தால் 108ஐக் கூப்பிடுங்கள், பைக்கை எடுக்காதீர்கள். மூச்சுப் பயிற்சி பற்றி நீங்கள் கேட்ட மற்ற இரண்டு கேள்விக்கும் ரிப்போர்ட் வந்த பிறகு பதில் சொல்கிறேன்.