ஏசி ஹைபாட் சோதனையில் மட்டும் டிரிப் ஆகும் பவர் சப்ளை

ஹைபாட் என்பது உயர் மின்னழுத்தம் கொடுத்து மின்காப்பின் வலிமையைப் பார்க்கும் சோதனை. அதில் 1500 வோல்ட் ஏசி கொடுத்தால் சோதனைக் கருவி டிரிப் ஆகிறது என்று நீங்கள் சொல்லும் பவர் சப்ளையை 2120 வோல்ட் டிசியில் சோதிக்கலாம். ஏசியின் உச்ச மதிப்பு அதன் 1.414 மடங்கு என்பதால், இரண்டும் மின்காப்பின் மீது ஒரே உச்ச அழுத்தத்தையே செலுத்துகின்றன.

மின்காப்பு பழுதாகியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் எர்த்துக்குச் செல்லும் 4.7 நானோஃபாரட் ஒய்-கெபாசிட்டர்கள் (மின் இரைச்சலை வடிகட்டுபவை) இரண்டும் சேர்ந்து, 50 ஹெர்ட்ஸில் ஏறக்குறைய 4.4 மில்லிஆம்பியரைக் கடத்தும். கருவி டிரிப் ஆவதற்கு நீங்கள் வைத்திருக்கும் வரம்போ 3 மில்லிஆம்பியர்.

இதை உறுதிசெய்ய, முதலில் 750 வோல்ட் ஏசி கொடுத்துப் பாருங்கள். மின்னோட்டம் 2.2 மில்லிஆம்பியர் அளவில் நின்று, மின்னழுத்தத்தை உயர்த்தும்போது அதே விகிதத்தில் ஏறினால் அது கெபாசிட்டரின் மின்னோட்டம்தான். ஓரிடத்தில் திடீரெனத் தாவினால் மின்காப்பையே சந்தேகிக்க வேண்டும். பிறகு டிசியை ஐந்து விநாடிகளில் படிப்படியாக உயர்த்துங்கள். ஒரேயடியாகக் கொடுத்தால், மின்னேற்ற ஓட்டமே கருவியை மறுபடியும் டிரிப் செய்துவிடும். நிலையான டிசியைக் கெபாசிட்டர் கடத்தாது என்பதால், உச்சத்தை எட்டியபின் மின்னோட்டம் மைக்ரோஆம்பியருக்கு இறங்க வேண்டும்.

சோதனை முடிந்தபின் கெபாசிட்டர்களில் மின்னூட்டம் தங்கியிருக்கும். அதை முழுவதும் இறக்காமல் முனைகளைத் தயவுசெய்து தொடாதீர்கள்.

டிசி ஒரு துருவத்தில் மட்டுமே அழுத்தம் தருவதால், உங்கள் பொருளுக்கான தரநிலை அதை அனுமதிக்கிறதா என்று முன்கூட்டியே பாருங்கள். அனுமதிக்காவிட்டால், தரநிலைக்கு உட்பட்டு ஏசி வரம்பை உயர்த்துவதே வழி. பழைய எக்ஸ்எல்பிஇ (ஒருவகை பாலிஎதிலீன் மின்காப்பு கொண்ட) கேபிள்களுக்கு இந்த டிசி முறையைக் கையாளவே வேண்டாம். உள்ளே சிக்கும் மின்னூட்டம் அவற்றைப் பின்னாளில் பழுதாக்கக்கூடும்.